உரக்கடை மாடியில் எறிபொருள் வகுப்பு

டுடோரியல் காலேஜில் பிசிக்ஸ் நடத்துகிறவருக்கு ஒரு நிம்மதி உண்டு: எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் ஏற்கனவே பெயிலானவர்கள், நம்மால் புதிதாகக் கெடுக்க ஒன்றும் இல்லை.

அந்த நிம்மதியை நம்பித்தான், பி.எஸ்ஸி. முடித்த கையோடு ராமநாதபுரத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு உரக்கடை. அதன் மாடியில் கீற்றுக் கொட்டகை. கொட்டகைக்குள் எங்கள் காலேஜ். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. என் மாணவர்களில் பாதிப் பேருக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் இருந்தார்கள். பிளஸ் டூவில் மற்றப் பாடங்களில் தப்பித்துப் பிசிக்ஸில் மட்டும் கோட்டு அடித்தவர்கள், டிப்ளமோவில் முதல் வருஷத்துப் பிசிக்ஸை அரியராக வைத்திருப்பவர்கள், பிரமோஷனுக்காகப் படிப்பவர்கள். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான எதிரி ஒன்று இருந்தது. அதன் பெயர் எறிபொருள்.

பிசிக்ஸ் புத்தகத்தை ஒருமுறையாவது சுவரைப் பார்த்து வீசியிருக்கும் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கல்லை இன்ன வேகத்தில், இன்ன சாய்வில் எறிந்தால் எவ்வளவு உயரம் போகும், எவ்வளவு நேரம் பறக்கும், எத்தனை மீட்டர் தள்ளி விழும் என்று கண்டுபிடிக்க வேண்டும். கல்லை எடுத்து எறிந்து பார்த்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அதற்கு மார்க் கிடையாது. நானே கல்லூரியில் இந்தப் பேப்பரை இரண்டாவது தடவைதான் பாஸ் செய்தேன். வேலைக்குச் சேரும்போது இதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

காற்று இல்லாத ஊர்

முதல் வகுப்பில் கரும்பலகையில் எழுதிய கணக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. வினாடிக்கு இருபது மீட்டர் வேகத்தில், முப்பது டிகிரி சாய்வில் ஒரு பந்து எறியப்படுகிறது. அடியில், புத்தகத்தில் இருந்தபடியே, ‘காற்றின் தடையைப் புறக்கணிக்கவும்’ என்று எழுதிக் கோடும் போட்டேன். கோடு போட்டு முடிக்கும்போது முனியசாமி அண்ணன் படியேறி வந்தார். அக்காள்மடத்துக்காரர், வயர்மேன், முப்பத்தைந்து வயது. வகுப்பு தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. தலைமுடியெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றது. ஏன் லேட் என்று கேட்கலாமா, என்னைவிடப் பெரியவரை அப்படிக் கேட்பது மரியாதையா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் உட்கார்ந்து, பலகையைப் படித்து, கையைத் தூக்கினார்.

“புறக்கணிக்கிறதுன்னா என்ன டீச்சர்?”

“காத்தே இல்லைன்னு வச்சுக்கணும்.”

“எங்கன?”

“எங்கயுமே. கணக்கு முடியுற வரைக்கும்.”

அவர் ஊர் இருக்கும் பாம்பன் தீவுக்கு ரோட்டுப் பாலம் அப்போது கட்டி முடியவில்லை. அங்கிருந்து வர ரயில் ஒன்றுதான் வழி. காற்று பலமாக இருந்தால் ரயிலைப் பாலத்தில் ஏற்ற மாட்டார்கள். அன்றைக்கும் அப்படித்தான் என்பது எனக்குத் தெரியாது. பேனாவைத் திறந்துகொண்டே அவர் சொன்னார்: “பாம்பன்ல ரயில நிப்பாட்டி வச்சிருந்தவருகிட்ட வந்து இதச் சொல்லுங்க டீச்சர், நாளைக்கு நான் நேரத்துக்கு வாரேன்.”

ஏட்டய்யாவின் விசாரணை

முதல் பெஞ்சில் ஒரு ஏட்டய்யா உட்காருவார். நாற்பது வயது. சாதாரண உடையில் வந்தாலும் உட்காரும் விதத்திலேயே யாரென்று தெரிந்துவிடும். எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, யார் எறிந்தது என்பது. “இருபது மீட்டர் உயரமுள்ள கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு கல் எறியப்படுகிறது” என்று நான் சொன்னால், கட்டடம் யாருடையது, அந்த ஆள் உச்சிக்கு எப்படிப் போனான், கீழே ஆள் நடமாட்டம் உண்டா என்று கேட்பார். அதெல்லாம் தேவையில்லை என்று நான் பலமுறை சொல்லியும் அவர் மனம் கேட்கவில்லை.

மாதத் தேர்வில் அவர் பேப்பரைத் திருத்தினேன். கட்டடம், கல், தரை எல்லாம் அளவோடு படமாக வரைந்திருந்தார். கிழக்கு மேற்கு குறித்திருந்தார். கல் விழுந்த இடத்தில் பெருக்கல் குறி. ‘எறிந்த நபர்: அடையாளம் தெரியவில்லை’ என்று தனி வரி. விடை மட்டும் இல்லை. கணக்கைப் பாதியில் ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். அவர் எழுந்து நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “எறிஞ்சவன் யாருன்னே தெரியாம, விழுந்த இடத்த மட்டும் வச்சு எப்படி டீச்சர் முடிக்கிறது?”

எழுச்சியும் வீழ்ச்சியும்

எங்கள் பிரின்சிபால் தங்கவேல் சார். காலேஜின் முதலாளியும் அவர்தான், சரித்திரம் நடத்துபவரும் அவர்தான். ஒருமுறை எனக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் லீவு போட்டேன். திரும்பி வந்தபோது பிசிக்ஸ் வகுப்பைத் தானே நடத்திவிட்டதாகச் சொன்னார். எறிபொருள் பாடம் முழுக்க முடிந்துவிட்டதாம். ஒருவருக்கும் சந்தேகம் இல்லையாம். எனக்கு மூன்று வாரம் பிடிக்கும் பாடம் அது. நோட்டுகளை வாங்கிப் பார்த்தேன்.

‘பந்தின் எழுச்சியும் வீழ்ச்சியும்’ என்று தலைப்பு. எழுச்சிக்குக் காரணங்கள் ஐந்து, வீழ்ச்சிக்குக் காரணங்கள் ஐந்து. வீழ்ச்சியில் முதல் காரணம், தொடக்கத்தில் இருந்த வேகம் பிற்காலத்தில் இல்லாமல் போனது. இரண்டாவது, பூமியின் இடைவிடாத தாக்குதல். மூன்றாவது, உச்சியை அடைந்தபின் மேலும் உயர முயற்சி எடுக்காதது. மீதி இரண்டையும் நான் படிக்கவில்லை. படித்த மூன்றையும் இன்றுவரை மறக்க முடியவில்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போய், பந்து கீழே வருவதற்குப் புவியீர்ப்பு என்ற ஒரே காரணம்தான் சார் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “அஞ்சு மார்க் கேள்விக்கு ஒரே ஒரு காரணத்த வச்சுக்கிட்டு, நீங்க எப்படிம்மா இவுங்கள பாஸ் பண்ண வைப்பீங்க?”

எலுமிச்சம்பழம்

கண்டக்டர் சேகர் என் வகுப்பில் படித்த ஒரே உற்சாகி. அவருடைய பஸ்ஸில்தான் நான் தினமும் உத்தரகோசமங்கையிலிருந்து வருவேன். சீராக ஓடும் வண்டிக்குள் ஒரு பொருளை நேர்மேலே எறிந்தால் அது பின்னால் விழாது, எறிந்தவர் கையிலேயே வந்து விழும் என்று முந்தின நாள் சொல்லியிருந்தேன். சேகர் அதை நம்பவில்லை. நம்பாததைச் சோதித்துப் பார்ப்பவர்தான் நல்ல மாணவர் என்றும் நான் சொல்லித் தொலைத்திருந்தேன்.

மறுநாள் திரும்பும் பஸ்ஸில், கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாவின் கூடையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தைக் கேட்டு வாங்கினார். டிரைவருக்குப் பின்னால் போய் நின்று, மேலே எறிந்தார். கையில் விழுந்தது. மறுபடி எறிந்தார். மறுபடியும் கையில். “டீச்சர், சரியா வருது டீச்சர்!” என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். ஏழெட்டுப் பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மூன்றாவது தடவை பழம் மேலே இருக்கும்போது ரோட்டில் ஒரு ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக் போட்டார். பஸ் நின்றது, பழம் நிற்கவில்லை. அது ஏன் நிற்கவில்லை என்பதும் பாடத்தில்தான் இருக்கிறது, ஆனால் அதை விளக்க அது நேரமில்லை. டிரைவர் பிடரியைத் தடவிக்கொண்டே திரும்பினார்.

“ஏலே, படிக்கிறது நீ. பரீட்சைய எதுக்குலே எம் பிடரியில எழுதுற?”

பெண் பார்க்க வந்தவர்

அந்த வருஷம் ஆவணியில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள், சொந்தமாக நிலபுலம் உள்ள குடும்பம். மாப்பிள்ளை டிப்ளமோ பாஸ் செய்துவிட்டு ஒரு காண்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராக இருப்பதாகத் தரகர் சொல்லியிருந்தார். காபித் தட்டோடு வந்து மூன்று டம்ளர் கொடுத்துவிட்டு நாலாவதை நீட்டும்போது முகத்தைப் பார்த்தேன். மூன்றாவது பெஞ்ச், ஜன்னல் ஓரம். ராஜேந்திரன். அவர் அந்த டம்ளரைக் கேள்வித்தாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அவருடைய தாய்மாமா, “எங்க பையன் ஒரு அரியர் கூட வைக்காம முடிச்சான்” என்று எங்கள் அய்யாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் அத்தனை பேர் முன்னால் ஒரு மனிதரைத் தலைகுனிய வைத்ததாகும். திறக்காவிட்டால் நானும் அந்தப் பொய்யில் கூட்டு. தட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அப்போது ராஜேந்திரனே டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “இல்ல மாமா. பிசிக்ஸ் இன்னும் நிக்குது. டீச்சருக்குத் தெரியும்” என்றார். எந்த டீச்சருக்கு என்று அய்யா கேட்டார். “இவுங்களுக்குத்தான். ரெண்டு மாடல் பரீட்சையிலயும் பெயில் போட்டாங்க.”

அவர்கள் போன பிறகு, எனக்குச் சம்மதம் என்று அம்மாவிடம் சொன்னேன். அப்படிப்பட்ட இடத்தில் உண்மையைச் சொன்ன ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. திங்கட்கிழமை அவர் வழக்கம்போல வகுப்புக்கு வந்து அதே ஜன்னலோரத்தில் உட்கார்ந்தார். நானும் வழக்கம்போல நடத்தினேன். அந்த வாரம் அவர் நோட்டில் மட்டும் என் கையெழுத்து கொஞ்சம் அழகாக இருந்ததாகப் பின்னால் பார்த்தபோது தெரிந்தது. வியாழக்கிழமை தரகர் வந்து, மாப்பிள்ளையின் அம்மா சொல்லியனுப்பியதை அப்படியே ஒப்பித்தார்: “எங்களுக்கு மருமகதான் வேணும், எம் மகனுக்கு மார்க் போடுற ஆளு வீட்டுக்குள்ள வேணாம்.”

முப்பதா, அறுபதா

செல்லத்தாய் ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருவார். இருபத்தேழு வயது, இரண்டு குழந்தைகள், வயல்களில் கூலி வேலை. வாரத்தில் நாலு நாள் வயலுக்குப் போவார், இரண்டு நாள் பஸ் ஏறி எங்களிடம் வருவார். பிசிக்ஸ் ஒன்று பாஸாகிவிட்டால் நர்ஸ் பயிற்சிக்கு மனுப் போடலாம். வயசு வரம்பு முடிய ஒரு வருஷம்தான் பாக்கி. அதனால் அவருக்கு அந்த மார்ச் பரீட்சை ஒன்றுதான் இருந்தது. வகுப்பில் அதிகம் பேச மாட்டார். கைடைப் பார்த்து எழுதாமல் தானே கணக்குப் போடும் இரண்டு மூன்று பேரில் ஒருவர்.

தங்கவேல் சார் ஒரு விதி வைத்திருந்தார். மாடல் பரீட்சையில் முப்பத்தைந்து எடுத்தால்தான் அரசுப் பரீட்சைக்கு விண்ணப்பம் அனுப்புவார். இல்லாவிட்டால் காலேஜின் பாஸ் கணக்கு கெட்டுவிடும். அந்த மாடல் பேப்பரில் நான் ஒரு கணக்குக் கொடுத்திருந்தேன். வினாடிக்கு இருபது மீட்டர் வேகத்தில் எறிந்த கல் 34.64 மீட்டர் தள்ளி விழுந்தால், எறிந்த சாய்வு எவ்வளவு? கைடில் விடை அறுபது டிகிரி. எல்லோரும் அறுபது எழுதியிருந்தார்கள். செல்லத்தாய் மட்டும் முப்பது எழுதியிருந்தார். நான் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் போட்டு, ஐந்து மார்க்கைக் கழித்தேன். மொத்தம் முப்பத்து மூன்று. விண்ணப்பம் போகாது என்று தங்கவேல் சார் சொன்னார். செல்லத்தாய் பேப்பரை நாலாக மடித்து, டிபன் தூக்கோடு பைக்குள் வைத்துக்கொண்டு படி இறங்கினார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் அய்யா மோட்டாரில் ரப்பர் குழாயை மாட்டி, இருந்த இடத்திலிருந்தே நாரத்தை மரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார். நான் வாசலில் உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு ஆடு வந்து நின்றது. தண்ணீர் அதன்மேல் அடித்தது. அய்யா நகரவில்லை. ஆட்டையும் விரட்டவில்லை. குழாயின் வாயை இன்னும் மேலே தூக்கினார். தண்ணீர் ஆட்டுக்கு மேலாக உயர்ந்து வளைந்து, அதே மரத்தின் அதே தூரில் போய் விழுந்தது.

பிரஷ் வாயில் இருக்க, நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். தணித்துப் பிடித்தாலும் அந்த மரம். தூக்கிப் பிடித்தாலும் அந்த மரம். உள்ளே ஓடி ஒரு பழைய காலண்டர்த் தாளின் பின்பக்கம் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். முப்பதில் எறிந்தாலும் 34.64. அறுபதில் எறிந்தாலும் 34.64. இரண்டும் சரி. கைடு ஒன்றை மட்டும் அச்சடித்திருந்தது. நான் கைடை நம்பி ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். விண்ணப்பத்துக்கு மறுநாள் கடைசி நாள்.

கிடைத்த முதல் பஸ்ஸைப் பிடித்து ராமநாதபுரம் போனேன். தங்கவேல் சாரை வீட்டில் போய் எழுப்பினேன். “ஒருத்திக்கு மாத்திப் போட்டா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்கம்மா” என்றார். தப்பு என்னுடையது, அதை வேண்டுமானால் எல்லார் முன்னாலும் நானே சொல்கிறேன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு விண்ணப்பத் தாளை எடுத்து வந்து கொடுத்தார். அங்கிருந்து ஆர்.எஸ்.மங்கலம் பஸ். இறங்கி மூன்று கிலோமீட்டர் நடந்தேன். ஊருக்குள் கேட்டால், வயலில் களையெடுக்கிறார்கள் என்றார்கள்.

பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாகக் குனிந்து களையெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வரப்பில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். செல்லத்தாய் முழங்கால் சேற்றோடு நின்று என்னைப் பார்த்தார். யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்ததாகப் பிறகு சொன்னார். நான் வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்து வந்திருந்தேன். வந்தது ஒரே ஒரு வரிதான்.

“முப்பது சரிங்க” என்றேன்.

“எந்த முப்பது?”

“நீங்க எழுதுனது. மாடல் பரீட்சையில.”

அவர் கையிலிருந்த களையைக் கீழே போட்டார். “அப்ப நான் போட்டது சரியா?”

“சரி.”

“நீங்க சொன்ன அறுபது?”

“அதுவும் சரி.”

பக்கத்தில் நின்ற பெண்கள் அவர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். வரப்புக்கு அந்தப் பக்கம் நின்ற நிலத்துக்காரர், இங்கே என்ன கூட்டம் என்று குரல் கொடுத்தார். ஒருவரும் திரும்பவில்லை. செல்லத்தாய் வாய்க்காலில் கையைக் கழுவி, சேலையில் துடைத்துக்கொண்டு வரப்பேறி வந்தார். ஈரம் படாமல் விண்ணப்பத்தின் மூலையைப் பிடித்துக்கொண்டு, என் முதுகில் தாளை வைத்து நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். நான் குனிந்தபடி நிற்க, பின்னாலிருந்து அவர் குரல் மட்டும் வந்தது. கோபமா வருத்தமா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“ரெண்டும் சரின்னா, அப்ப செவப்பு மை எதுக்கு டீச்சர்?”

வராத கேள்வி

அன்றிலிருந்து மார்ச் வரை நான் எறிபொருள் பாடத்தை மூன்று தடவை திருப்பி நடத்தினேன். என் குற்ற உணர்ச்சிக்கு மொத்த வகுப்பும் வேலை செய்தது. மேலே எறிவது, சாய்த்து எறிவது, கட்டடத்திலிருந்து எறிவது, கிணற்றுக்குள் எறிவது என்று ஒன்றையும் விடவில்லை. முனியசாமி அண்ணன் காற்றைப் புறக்கணிக்கப் பழகிவிட்டார். ஏட்டய்யா, எறிந்தவன் தலைமறைவு என்று வைத்துக்கொண்டு கணக்கை முடிக்கச் சம்மதித்தார். செல்லத்தாய் வாரம் மூன்று நாள் வந்தார். நான் பலகையில் ஒரு விடை எழுதினால், இன்னொன்று உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதிக்கொள்வார். பரீட்சைக்கு முந்தின நாள், பத்து மார்க் நிச்சயம் என்று எல்லோருக்கும் வாக்குக் கொடுத்தேன்.

பரீட்சை நாளில் பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே, வேப்ப மரத்தடியில் மூன்று மணி நேரம் நின்றேன். முதலில் சேகர் வந்தார், தலையை ஆட்டிக்கொண்டே. பிறகு ஏட்டய்யா. அவர் கேள்வித்தாளை என் கையில் கொடுத்தார். ஒரு பக்கம் பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன். மறுபடி முதல் பக்கம் பார்த்தேன். எறிபொருள் இல்லை. அரை மார்க்குக்குக்கூட இல்லை. ஒளி, மின்சாரம், காந்தம் எல்லாம் இருந்தன. யாரும் எதையும் எங்கிருந்தும் எறியவில்லை.

செல்லத்தாய் கடைசியாக வந்தார். விரல் எல்லாம் மை. எப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். எல்லாக் கேள்விக்கும் எழுதியிருப்பதாகச் சொன்னார். மின்சாரக் கணக்கு இரண்டும் வந்ததாம், காந்தத்தில் ஒன்று சந்தேகமாம். பிறகு என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தார்.

“இதக் கேக்கவே இல்ல பாருங்க டீச்சர். இதுக்குப் போயி களையெடுக்கிற இடத்துக்கு ஓடி வந்தீங்களே!”

ரிசல்ட் வந்தபோது காலேஜில் அதுவரை இல்லாத அளவு பாஸ். முனியசாமி அண்ணன், ஏட்டய்யா, சேகர் எல்லோரும் தேறினார்கள். செல்லத்தாய்க்கு ஐம்பத்தெட்டு. அந்த ஆடியிலேயே நர்ஸ் பயிற்சிக்குப் போனார். இப்போது அவருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு முதல் ஊசி போட்டதும் அவர்தான். தங்கவேல் சார் உரக்கடை வாசலில் என் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டுத் தட்டி வைத்தார். அதைப் பார்த்து மறு வருஷம் வந்து சேர்ந்தவர்களுக்கு இடம் போதாமல், கொட்டகையை இன்னும் இரண்டு கீற்று நீட்டிக் கட்ட வேண்டியதாயிற்று.

எறிபொருள் கணக்கைப் பதினோரு வருஷம் நடத்தி நான் வாங்கிய நல்ல பெயர் முழுவதும், அது கேட்கப்படாத ஒரே ஒரு பரீட்சையில் வாங்கியது.